ஐந்து ஏன்களும் ஒரு மஞ்சள் புள்ளியும்

சுடலைமுத்து அண்ணாச்சியிடம் பௌர்ணமி நிலாவைக் காட்டினால்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "எடது பக்கம் அரை மில்லி கம்மியா இருக்கு" என்பார். மனிதரைக் குறை சொல்லக் கூடாது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. வண்டி இன்ஜினுக்குள் போகிற கையளவு இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, அளந்து, சரியாக இருந்தால் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு சாமானும் கம்பெனி கேட்டைத் தாண்டாது. இதுவரை அவர் வைத்த புள்ளிகளை வரிசையாக அடுக்கினால் அவருடைய திருநெல்வேலி வரை போய், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஓசூருக்கே திரும்பிவிடலாம்.

அந்த மார்க்கர் சட்டைப் பையில் வீட்டுக்கும் வரும். கேஸ் சிலிண்டர் வந்தால் தட்டிப் பார்த்து ஒரு புள்ளி. தண்ணீர் கேனில் ஒரு புள்ளி. நான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸின் ஆறு டயரிலும் புள்ளி. எங்கள் லைன் வீட்டில் மஞ்சள் புள்ளி வாங்காத ஒரே ஜீவன் என் வீட்டுப் பூனை. அதற்கு ஓடத் தெரியும்.

இன்னொரு வியாதியும் அவருக்கு உண்டு. கம்பெனியில் ஒரு சாமான் பழுதாகிவிட்டால் ஐந்து பேர் வட்டமாக நின்றுகொண்டு 'ஏன்?' என்று கேட்பார்களாம். வருகிற பதிலுக்கு மறுபடி ஒரு 'ஏன்?'. இப்படி ஐந்து தடவை தோண்டினால் அடியில் மூலக்காரணம் அகப்படும் என்று கணக்கு. அண்ணாச்சி அதை வீட்டிலும் நடத்துவார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு நாள் ஆரம்பித்தார். அவர் மனைவி நாகம்மா அக்கா வேப்பனப்பள்ளிக்காரி, கோபம் வந்தால் தெலுங்கு தானாக வரும். மூன்றாவது ஏனிலேயே, "நீங்க பொறந்ததாலதான் உப்பு கூடிச்சு. சாலு, சாலு, போதும், தட்ட எடுங்க" என்று மீட்டிங்கை முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அவர் தும்மினால் நான் மூக்கைத் துடைக்க வேண்டும். அதனால் அந்தத் திங்கட்கிழமை ரஞ்சிதா பேசியது எனக்கும் சேர்த்துத்தான் கேட்டது.

ரஞ்சிதா அவர்களுடைய ஒரே பெண். ஓசூரில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வருடம் சேர்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை.

"அப்பா, எனக்குக் கெமிஸ்ட்ரி வேணாம். பி.பி.ஏ. சேரப் போறேன்."

மாவு ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"குருபரப்பள்ளி தாண்டி ஒரு காலேஜ் இருக்குல்லப்பா, அங்க பி.பி.ஏ.ல ரெண்டு சீட் காலியா இருக்கு. வேற காலேஜ் ஃபஸ்ட் இயர் பசங்களும் அப்ளை பண்ணலாம். வியாழக்கிழமை நாலு மணி வரைக்குந்தான் டைம்."

"ரெண்டு சீட்டா? ரிஜெக்சன் கூடுதலா இருக்குமே."

"அப்பா, நான் என்ன இரும்புச் சாமானா?"

இந்த இடத்தில் வேறு அப்பாவாக இருந்தால் கத்தியிருப்பார். அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டார். பிறகு சுவரைத் தட்டினார்.

"ஏ ரசூலு! இங்க வால. மீட்டிங்குக்கு ஆளு பத்தல."

நான் ஆறாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். படிப்பைப் பற்றிய மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"மொத ஏன்," என்றார் அண்ணாச்சி. "ஏன் கெமிஸ்ட்ரி பிடிக்கல?"

"நானா எடுக்கலப்பா, அதான்."

"ரெண்டாவது. ஏன் நீயா எடுக்கல?"

"நீங்க எடுத்தீங்க."

பேனா கொஞ்சம் மெதுவானது. ஆனாலும் விடவில்லை. "மூணாவது. நான் ஏன் எடுத்தேன்?"

நாகம்மா அக்கா கையில் மாவோடு வந்து வாசற்படியில் நின்றார். "என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். கம்பெனியில லேப்புக்கு மட்டுந்தான் ஏ.சி., அங்க வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்துதான் வேலைன்னு வருசம் பூரா பாட்டாப் பாடுனீங்களே."

அதையும் எழுதினார். "நாலாவது. அது ஏன் எனக்கு அம்புட்டுப் பெருசாத் தெரிஞ்சுது?"

அவரே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கணுக்காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு சூளகிரி மலைப்பாதை மாதிரி இருக்கும். 'இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே வேலை' என்று எழுதினார்.

எனக்குச் சும்மா இருக்க முடியாது. "அண்ணாச்சி, ஒரு நாற்காலிக்காகவா பிள்ளையக் கெமிஸ்ட்ரில போட்டீங்க? சொல்லியிருந்தா என் பஸ் சீட்டக் கழட்டிக் குடுத்திருப்பேனே!"

யாரும் சிரிக்கவில்லை. ரஞ்சிதாதான் மெதுவாகக் கேட்டாள். "அஞ்சாவது நான் கேக்கறேன்ப்பா. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

அண்ணாச்சி அந்தக் கேள்வியையும் தாளில் எழுதினார்.

"அப்பறம் என்ன, மூலக்காரணம் அண்ணாச்சிதான். பேர எழுதுங்க," என்றேன்.

"ஆள் பேரு எழுதக்கூடாதுல. கம்பெனி சட்டம். ஆள் மேல பழி போட்டா ஃபாரம் திரும்பி வந்துரும். முறையிலதான் தப்பக் கண்டுபிடிக்கணும்." தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு எழுதினார்: 'மூலக்காரணம்: வீட்டில் கேட்கும் முறை இல்லை. தீர்வு: இனிமேல் கேட்கப்படும். பொறுப்பு: சுடலைமுத்து. தேதி: இன்று.' கீழே கையெழுத்தும் போட்டார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பெண்ணோடு பழைய காலேஜுக்குப் போய் டி.சி.யும் மார்க் ஷீட்டும் வாங்கி வந்துவிட்டார். அதாவது கெமிஸ்ட்ரிக் கதவைச் சாத்தியாயிற்று. பி.பி.ஏ. கதவு திறக்காவிட்டால் ரஞ்சிதா ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். இதை நினைத்து நாகம்மா அக்கா மூன்று நாளாக மாவில் உப்புப் போட மறந்தார். அண்ணாச்சி ஏன் என்று கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை எனக்கு வார லீவு. என் மச்சானின் பழைய ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். புள்ளி வைக்கவில்லை.

"இதுல போறது ஆண்டவன் பொறுப்பு," என்று ஏறிக்கொண்டார்.

வழியில் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். 'படிப்பை மாற்ற விரும்புவதற்கான காரணத்தைத் தனித்தாளில் இணைக்கவும்' என்று ஃபாரத்தில் இருந்தது. அதற்கு அந்த ஐந்து ஏன் தாளையே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நகலெடுத்து வைத்திருந்தார்.

"அப்பா, இது வேணாம்ப்பா, சிரிப்பாங்க."

"எங்க கம்பெனிக்கு வந்த ஜப்பான்காரனே சிரிக்கல. இவங்க சிரிக்கட்டும், பாப்போம்."

சூளகிரியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எறும்பு எங்களை முந்திக்கொண்டு போனது. அது கையைக் காட்டிவிட்டுப் போனது போலக்கூட எனக்குத் தோன்றியது. காலேஜ் போய்ச் சேரும்போது மணி மூன்று பத்து.

அங்கே கவுண்டரில் வெங்கடசாமி என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். அவர் ஒரு தாளைத் திருப்புவதற்குள் ஒரு மாமரம் பூத்துக் காய்த்துவிடும். திருப்பிக்கொண்டே வந்தவர் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் நின்றார்.

"என்ன சார் இது?"

எட்டிப் பார்த்தோம். மார்க் ஷீட்டின் வலது மூலையில், பொட்டு வைத்தது போல, பளபளவென்று ஒரு மஞ்சள் புள்ளி. டி.சி.யிலும் ஒன்று. சாதிச் சான்றிதழிலும் ஒன்று.

வேனில் வரும்போது அவர் கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது. சரிபார்த்தால் புள்ளி. இருபத்திரண்டு வருடப் பழக்கம், தலையைக் கேட்டா செய்யும்?

"ஒரிஜினல்ல கிறுக்கியிருந்தா வாங்க மாட்டோம் சார். ரூல்ஸ்."

"கிறுக்கல் இல்ல சார், அது ஓக்கேங்குற அடையாளம்," என்றார் அண்ணாச்சி.

"யாரு ஓக்கே சொன்னது?"

"நாந்தான்."

வெங்கடசாமி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "போர்டு எக்ஸாம் ரிசல்ட்டுக்கு நீங்க ஓக்கே சொன்னீங்களா சார்?"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டுக்கு யாராவது மெடல் கொடுக்க வேண்டும். ஆனால் ரஞ்சிதாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு செத்துப்போனது. மணி மூன்றரை. அவள் அழவில்லை. ஃபைலை அப்படியே கையில் எடுத்தாள்.

"சார், பி.பி.ஏ. ஹெச்.ஓ.டி. ரூம் எங்க இருக்கு?"

"மாடியில. மேடம் பேரு முனிலட்சுமி. ஆனா..."

அந்த 'ஆனா' முடிவதற்குள் அவள் படியேறிவிட்டாள். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

முனிலட்சுமி மேடம் முதலில் புள்ளியைப் பார்த்தார். பிறகு ஐந்து ஏன் தாளைப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் 'பொறுப்பு: சுடலைமுத்து' என்ற இடத்தில் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. கெமிஸ்ட்ரி ஏன் வேணாம்னு அஞ்சு ஏன் போட்டிருக்கீங்க. பி.பி.ஏ. ஏன் வேணும்னு ஒரு ஏன்கூட இல்லையே? ரெண்டு சீட்டுக்குப் பதினோரு பேர் வந்திருக்காங்க. உங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

அண்ணாச்சியின் வாய் திறந்தது. எனக்குத் தெரியும், அவரிடம் இதற்கு நாற்பது பதில் இருக்கும். ஆனால் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. ரஞ்சிதா பக்கம் திரும்பி, "நீயே சொல்லு தாயி" என்றார். அவர் வாயை மூடி நான் பார்த்தது இருபத்திரண்டு வருடத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை பல் பிடுங்கியபோது.

ரஞ்சிதா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எங்கம்மா தோச மாவு ஆட்டிக் குடுப்பாங்க மேடம். முன்னாடி பத்து வீடு. இப்ப அறுபது வீடு. நான்தான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துக்கறீங்க?"

"எங்க லைன்ல மூணு கம்பெனி ஆளுங்க இருக்காங்க. எந்த வீட்டுல எந்த வாரம் எந்த ஷிஃப்ட்டுன்னு எனக்குத் தெரியும். காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பறவங்களுக்கு மொத நாள் சாயங்காலமே மாவு போயிரணும். நைட் ஷிஃப்ட்டுக்காரங்க மத்தியானந்தான் எழுந்திருப்பாங்க, அவங்களுக்குக் காலைல குடுத்தா ஃபிரிஜ்ல தூங்கும். அப்பறம் ஓசூர் குளிருக்கு மாவு சீக்கிரம் பொங்காது மேடம். திருநெல்வேலி, மதுரை ஆளுங்களுக்கு நல்லாப் புளிக்கணும். பெங்களூர் பக்கத்து ஆளுங்க புளிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால ரெண்டு நேரமா ஆட்டி ரெண்டு தூக்குல வெப்பேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "ஆமாங்க மேடம், எனக்கு நடுவுல! பாதிப் புளிப்பு!"

"நீங்க யாரு?"

"கஸ்டமருங்க."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "மாவு புளிக்கிறது கெமிஸ்ட்ரிதானே? அங்கயே இருந்திருக்கலாமே."

"மாவு ஏன் புளிக்குதுன்னு கெமிஸ்ட்ரி சொல்லுது மேடம். யாருக்கு எவ்ளோ புளிக்கணும்னு அங்க சொல்லித் தரல. எங்க லைனோட நிக்காம, சுத்தி இருக்கற நாலு லைனுக்கும் நான் அதச் செய்யணும்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது.

"இப்ப சொன்னதை அப்படியே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இந்தப் புள்ளிக்கு ஒரு விளக்கக் கடிதமும் வேணும். ஃபாரத்தை வாங்கிக்கச் சொல்றேன். சீட்டு தருவேன்னு சொல்லல. திங்கட்கிழமை லிஸ்ட் போடுவோம்."

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரஞ்சிதா கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். இரண்டையும் எழுத அவளுக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். அவள் எழுதிய வேகத்தில் தாள் புகைந்திருக்கும், ஜன்னல் திறந்திருந்ததால் தப்பித்தோம். மூன்று ஐம்பத்தொன்பதுக்கு வெங்கடசாமி முத்திரை குத்தினார். அவர் வாழ்நாளிலேயே வேகமாகச் செய்த காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எங்கள் லைனில் யாருமே சரியாகத் தூங்கவில்லை. அறுபது வீட்டுக்கும் விஷயம் போய்விட்டது. மாவு வாங்க வந்தவர்களெல்லாம் மாவை மறந்துவிட்டு லிஸ்ட்டைக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை லிஸ்ட் வந்தது. இரண்டு பேர். இரண்டாவது பெயர் எஸ்.ரஞ்சிதா. நாகம்மா அக்கா தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் சாமிக்கு நன்றி சொன்னார். எந்தச் சாமிக்கு எந்த மொழி தெரியுமோ என்ற முன்ஜாக்கிரதைதான்.

செவ்வாய்க்கிழமை ரஞ்சிதா சேர்க்கை உத்தரவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அண்ணாச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பெயரைப் படித்தார். முத்திரையைத் தடவினார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மார்க்கரின் மூடி 'டக்' என்று கழன்றது.

"ஐயோ, ஏமய்யா!" என்று நாகம்மா அக்கா அலறினார். நான் பாய்ந்து தாளைப் பிடுங்கத் தயாரானேன்.

அண்ணாச்சியின் கை பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒரு புள்ளி வச்சுக்கிடட்டுமா?"

ரஞ்சிதா உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஜெராக்ஸ்ல வைங்கப்பா."

வைத்தார். எட்டணாக் காசு அகலத்துக்கு வைத்தார்.