பிழை எண் பதினேழு

யோகநாதனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பௌஸி என்பவர் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் ஒரு மேசையை மட்டும் எடுத்துக்கொண்டு யோகநாதன் கணினி திருத்திவந்தார். சாவகச்சேரியில் இருந்த காலத்தில் வானொலி திருத்தியவர். தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்தபின் புத்தகங்களைப் பார்த்துத் தானாகவே கணினி பழகினார். கல்யாணம் செய்யவில்லை. கைக்கு வந்த பெட்டியைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்ததில்லை என்பது மட்டும் அவருக்குள் ஒரு பெருமையாக இருந்தது.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு மே மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து டோரின் என்ற பெண் அவரைக் கூப்பிட்டார். டோரினின் கணவன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் எழுதுவினைஞர். மார்ச் மாதத்தில் ஒருநாள் பேக்கரியில் பாண் வாங்கப் போனவரை இலக்கத்தகடு இல்லாத வான் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரைத் தேடும் மனுக்களை டோரின் வீட்டுக் கணினியில்தான் அடித்தார். அது இப்போது இடமில்லை, இடமில்லை என்று அடிக்கடி நின்றுவிடுகிறதாம்.

யோகநாதன் போய்ப் பார்த்தார். வன்தட்டில் விண்டோஸ் இருந்த பகுதி நிரம்பியிருந்தது. பக்கத்தில் சிறிய பகுதி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதை அழித்து இடத்தைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். நூறு தடவை செய்த வேலை. அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினார். திரை கறுப்பாகவே நின்றது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரேயொரு வரி: எரர் 17.

"இது என்ன தங்கச்சி, இதுக்குள்ள வேற ஏதும் சிஸ்டம் இருக்கோ?"

"எனக்கு என்ன அண்ணன் தெரியும்? தொடங்கக்குள்ள அவரு ஒரு பட்டனை அமத்துவாரு. அப்ப வேற பக்கம் ஒண்ணு வரும். படமெல்லாம் அந்தப் பக்கந்தான் வச்சிருந்தாரு."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒஸ்வால்ட் ஒரே பெட்டிக்குள் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்திருக்கிறார். எது வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கிற சின்ன நிரல் லினக்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது. அது தன் மிச்சப் பாகத்தை ஆறாவது பகுதியில் தேடும். இடையில் ஒன்றை அழித்ததும் ஆறாவது ஐந்தாவதாகிவிட்டது. நிரல் பழைய இலக்கத்துக்கே போய், ஒன்றையும் காணாமல் நிற்கிறது. உள்ளே எதுவும் அழியவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் திறக்காது.

டோரின் அழத் தொடங்கினார். மனித உரிமை அலுவலகத்தில் ஒஸ்வால்டின் அண்மைக்காலப் படம் கேட்டிருந்தார்கள். அந்தப் படங்களை எடுத்துத் தரச் சொல்லி அன்றைக்குத்தான் யோகநாதனிடம் கேட்க இருந்தாராம்.

"ஒண்டும் அழியேல்லை, தங்கச்சி. மூண்டு நாள் தாங்கோ. நான் பொறுப்பு."

பெட்டியை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தார். லினக்ஸ் அவருக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்தார், இணையத்தில் வாசித்தார். குறுந்தட்டிலிருந்தே ஓடக்கூடிய லினக்ஸ் ஒன்றைப் பௌஸியின் இணைப்பில் இறக்க இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் அந்தத் தட்டைப் போட்டுத் தொடக்கினார். உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு படத்தைத் திறந்தார். முகத்துவாரக் கடற்கரையில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் நின்ற பௌஸி, "யாரு இது?" என்று கேட்டார். யோகநாதன் சொன்னார்.

பௌஸி போய்க் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வந்தார்.

"யோகன், இத இங்க வெச்சிக்க வேணாம். நானும் புள்ளகுட்டிக்காரன். இப்பவே கொண்டு போய்க் குடுத்துடுங்க."

"அஞ்சு நிமிச வேலை, பௌஸி நானா."

"அந்த அஞ்சு நிமிசத்த அங்க போய்ச் செய்ங்க."

யோகநாதன் கணினியை அணைக்கப் போனார். படங்களைப் பிரதி எடுக்கலாமென்று வெற்றுத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். வழியில் மறித்து, காணாமற்போனவனின் படம் சட்டைப்பையில் ஏன் என்று கேட்டால்? தட்டை மறுபடி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுக் கணினியை அணைத்தார். அடிக்கவேண்டிய கட்டளை மூன்றே வரி. அதைத் துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். லினக்ஸ் தட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினார்.

பாதித் தூரத்தில் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்று கண்டதும் இறக்கினார்கள். பெட்டியும் அவருமாகக் காவல் நிலையத்துக்குப் போகவேண்டியதாயிற்று. அங்கே பெட்டியைத் திரையோடு பூட்டித் தொடக்கினார்கள். எரர் 17.

"மொகத மே?" இது என்ன என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

யோகநாதன் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். ஒரே பெட்டிக்குள் இரண்டு சிஸ்டம், இலக்கம் மாறியதால் தொடங்கவில்லை என்றார்.

"ஏயி தெகக்?"

ஏன் இரண்டு என்பது அந்தக் கேள்வி. காட்டுவதற்கு ஒன்று, ஒளிப்பதற்கு ஒன்றா என்று அதிகாரி கேட்டார். அதற்குள் சட்டைப்பையிலிருந்த துண்டுக் கடதாசியை ஒருவன் எடுத்துவிட்டான். அடைப்புக்குறியும் இலக்கமுமாக மூன்று வரி. இரகசியக் குறியீடு என்று முடிவு கட்டினார்கள்.

"சேர், இந்த லினக்ஸ் தட்டைப் போட ஐந்து நிமிடம் விட்டால் திருத்திக் காட்டுறன்."

"அழிப்பதற்கா?" என்றார் அதிகாரி.

யோகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்தினால் திறக்கும். திறந்தால் ஒஸ்வால்டின் முகம் வரும். இவரை எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஒருவன் இரண்டு தடவை அறைந்தான். சீமெந்துத் தரையில் படுத்தபடி அந்த மூன்று வரியையும் மறக்காமலிருக்க யோகநாதன் மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தார். ஏழாம் நாள் பௌஸி ஒரு வழக்கறிஞரோடு வந்து வெளியே எடுத்தார். பெட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி ஒரு ரசீதுத் துண்டு கொடுத்தார்கள்.

அவர் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனார். நடந்ததைக் கேட்டும் டோரின் ஏசவில்லை. கடைசியில், "உங்கள அடிச்சாங்களா அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். யோகநாதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பதினான்கு மாதம் இரண்டு பேரும் அந்தத் துண்டைக் கொண்டு அலைந்தார்கள். போகும் இடமெல்லாம் டோரின் கணவனையும் கேட்டார், கணினியையும் கேட்டார். கணவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கணினிக்கு மட்டும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அழைப்பு வந்தது.

ஓர் இளம் பொலிஸ்காரன் பெட்டியைத் தூசு தட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நல்ல பையன். தானாகவே தொடக்கிக் காட்டினான். தயக்கமில்லாமல் விண்டோஸ் வந்தது. பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் விரிந்தன. பழுதாய்க் கிடந்தது, எங்கள் ஆள் முழு வன்தட்டையும் துப்புரவாக்கிப் புதிதாகப் போட்டிருக்கிறார், இனி வேகமாக ஓடும் என்று சந்தோஷமாகச் சொன்னான். டோரினுக்கு முழுதும் விளங்கவில்லை. "ஸ்துதி மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்து நன்றி சொன்னார். யோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழிந்த கோப்புகளை மீட்கும் நிரல்களைத் தேடிப்பிடித்து நான்கு மாதம் அந்த வன்தட்டோடு போராடினார். கிடைத்தவை துண்டுகள்தான். ஒரு கீற்றுக் கடல், ஒரு சுவர், பிள்ளையின் சப்பாத்து ஒன்று, மிச்சமெல்லாம் சாம்பல் நிறமாய் அடைபட்ட படங்கள். டோரின் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதில அவரு எங்க அண்ணன்?"

"இல்லை தங்கச்சி."

மனுவோடு, வேறு படம் கையில் இல்லாததால், பதினெட்டு வயதில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத்தான் டோரின் கடைசியில் இணைத்தார். மீசை அரும்பாத, கண்ணாடி போடாத முகம். அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். மற்ற இடங்களிலிருந்து பதிலே வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் யோகநாதன் பௌஸியின் மேசையை விட்டுவிட்டார். பாமன்கடையில் மின்சாமான் கடை ஒன்றில் விற்பனைக்கு நின்றார். கணினி பார்ப்பீர்களா என்று யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மின்குமிழ்களை எடுத்துக் காட்டுவார்.