தம்பிக்கு வந்த அறுபத்திரண்டு

அந்த பேக்கரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை எல்லாருக்கும் அவள் ‘கேக் அக்கா’தான். க்ரீம் பையைப் பிடித்தால் பூவும் இலையும் தானாக வந்து விழும். வாயும் சும்மா இருக்காது. “பேர ஒழுங்கா எழுதிக் குடுங்க, அப்புறம் பொண்ணு பேரு மாறிப்போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது” என்று கல்யாண மாப்பிள்ளையையே மிரட்டி அனுப்புவாள்.

அம்மா இறந்தபோது தம்பிக்குப் பால் பல்கூட விழவில்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசியில் அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று. தம்பி ஜிம்மில் மாஸ்டர் ஆனான், கல்யாணம் கட்டித் தனி வீட்டுக்குப் போனான். வாசற்படியில் ஒருக்களித்து நுழைகிற உடம்பு. தெருவில் அவனோடு நடந்தால் அவளுக்குத் தலைகால் புரியாது.

பிறகு அவள் கால் வீங்கியது. டாக்டர் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார். தசையிலிருந்து வரும் கழிவு அது. சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் தேங்கிவிடும். அந்த அளவோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓர் எண் கிடைக்கும். நூறை ஒட்டி வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அவளுக்கு முப்பதில் தொடங்கி பதினான்குக்கு இறங்கியிருந்தது. “முந்தின நாள் கறி சாப்பிட்டுட்டு வராதீங்கக்கா, கணக்கு தப்பா வரும்” என்று ரத்தம் எடுக்கிற பெண் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அதை வீட்டுக்கு வந்து போனில் தம்பியிடம் ஒப்பிப்பாள். “நீ திங்கிற கறிக்கும் புரோட்டீன் பவுடருக்கும் உனக்கெல்லாம் எண் பாதாளத்துக்குப் போயிடும்டா” என்று கிண்டல் வேறு.

“என் கிட்னிய எடுத்துக்கக்கா” என்று அவன் குடும்பத்தின் முன்னால் வைத்துச் சொன்ன நாளில், வளர்த்த வளர்ப்பு வீண்போகவில்லை என்று பூரித்துப் போனாள்.

அவன் ரத்தத்தைப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு. தானம் கொடுக்கிறவருக்கு அது போதாது.

“கறி தொடலியேடா?”

“வெறும் பழம்தான்க்கா.”

டாக்டர் அவசரப்படவில்லை. “இது நேரா அளந்தது இல்லம்மா, கணக்குதான். அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துடலாம்.”

அவள் காதிலேயே வாங்கவில்லை. “வேண்டவே வேண்டாம் டாக்டர். இருக்கிறதையாவது அவன் பத்திரமா வெச்சுக்கட்டும்.” எண் இறங்குவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வெளியே வந்து அவனைக் கட்டிக்கொண்டு குமுறி அழுதாள். அவன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். பாவம், பயந்துவிட்டான் என்று நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி. அன்றிலிருந்து தன் நோயை மறந்து அவன் நோய்க்கு அழுதாள். போன் போட்டுப் போட்டுப் பவுடரைத் தொடாதே, உப்பைக் குறை என்று கெஞ்சினாள். அவனும் “சரிக்கா, சரிக்கா” என்றான்.

தன் மகளின் பிறந்தநாள் கேக் சொல்லத் தம்பி மனைவி பேக்கரிக்கு வந்தாள். “அவனுக்குக் கறி கிறி சமைச்சுப் போடாதம்மா” என்றாள் இவள்.

“ஏன் அண்ணி? டெஸ்டுக்கு முன்னாடி வேளா வேளைக்குக் கறியும் பவுடருமா தின்னு தீர்த்தாரே. டாக்டர்தான் சொன்னாருன்னாரு. அப்புறம் எல்லாத்தையும் நிறுத்திட்டு வேற லேப்ல பாத்தாரு, நூறுக்கு மேல வந்துச்சு. உங்ககிட்ட சொல்லலியா?”

க்ரீம் பை கையில் இருந்தபடியே அவள் நின்றாள். தான் ஒப்பித்த பாடத்தையே அவன் தனக்கெதிராகத் திருப்பியிருக்கிறான். சிரித்துச் சமாளித்து, என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டு, அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தாள். பிறகு நேராக ஜிம்முக்குப் போனாள்.

அவன் மறைக்கவில்லை. “பயந்துட்டேன்க்கா. எனக்குக் குழந்த இருக்கு, என் பொழப்பே இந்த உடம்புதான். முடியாதுன்னு உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்வேன்?”

“முடியாதுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். அத்தோட போயிருக்கும். நீ நல்லா இருந்துகிட்டே, உனக்கு நோவுன்னு என்னைத் தினமும் அழ வெச்சியேடா. அதப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு எறங்குச்சு உனக்கு?”

“இப்ப வேணா வரேன். மறுபடி எடுக்கட்டும்.” சொல்லும்போதே உதடு வெளுத்திருந்தது.

அவள் திரும்பிப் படியிறங்கி வந்துவிட்டாள்.

அடுத்த சோதனையில் அவளுக்குப் பதினொன்று. டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும் என்ற டாக்டர், தம்பியை மறக்கவில்லை. “வாட்டசாட்டமான ஆளு. தசை அதிகமா இருந்தா இந்தக் கணக்கு சில நேரம் ஏமாத்திடும்மா. இன்னொரு தடவை வரச் சொல்லட்டுமா?”

“கணக்கு ஏமாத்தல டாக்டர்” என்றாள். “அவனுக்கு முடியாது, விட்டுடுங்க. கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க வரிசையில என் பேரப் போட்டுக்குங்க.”