உள்ளே அடித்த கறுப்பு

சுதிக்னோவுக்கு இடியென்றால் பயம், நாயென்றால் பயம், பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்க வரும் அதிகாரி தொண்டையைச் செருமினால்கூடப் பயம். ஜாவாவின் பூஜோன் மலையில் பால் அளக்கிறவன் அவன். ஒரு சொட்டு சிந்திவிட்டால் மாட்டுக்காரனிடம் மட்டுமல்ல, மாட்டிடமும் மன்னிப்புக் கேட்பான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் மனைவி ரத்மி நேர்மாறு. டெம்பே என்னும் புளித்த சோயா வில்லையின் வறுவல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, காய்கறி லாரியில் தொற்றியேறி, அந்த வளைவுகளில் இறங்கி அடிவாரச் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். அவள் லாரியில் ஏறிய நேரம் முதல் திரும்பும்வரை இவன் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பான். அதனால்தான், உருக்குலைந்து கிடந்த ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் பிரித்துப் போட்டான். அவள் பத்திரமாகப் போய் வர வேண்டும், வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

எஞ்சினைப் பட்டறைக்காரர் சரிசெய்து கொடுத்தார். பெயின்ட் மட்டும் தன் கையால்தான் என்று பிடிவாதம் பிடித்தான். ஹான் அண்ணன் என்ற பொருளில் ஊரே கோ ஹான் என்று கூப்பிடும் பெயின்ட் கடைக்காரரை அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. டாங்க்மேல் பெட்ரோல் சிந்தினால் கரையுமா, பழைய பூச்சின்மேல் அடித்தால் சுருங்கிப் பொங்குமா, மழை ஈரத்தில் அடித்தால் வெளுக்குமா என்று தினம் ஒரு சந்தேகம். அட்டைத் துண்டுகளில் விதவிதமான பச்சையை அடித்து, வெயிலிலும் நிழலிலும் பிடித்துப் பார்த்து, கடைசியில் வாழைக்குருத்துப் பச்சையில் வந்து நின்றான். சைலன்சருக்குச் சூடு தாங்கும் கறுப்பு ஸ்பிரே. நெருப்பில் போட்டாலும் உரியாது என்று கோ ஹான் சொன்னது அவன் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

பிரேக் டிரம்மும் சூடாகிற பாகம்தானே என்று யோசித்தான். வெளிப்புறம் கறுப்பு அடித்து முடித்தபின் உள்ளே எட்டிப் பார்த்தால், வளையத்தில் லேசாகத் துரு. மலையில் மழை ஓய்கிற வழக்கமே இல்லை. துருவை விட்டுவிட்டு இவனால் தூங்க முடியுமா? உள்ளேயும் வழவழவென்று இரண்டு பூச்சு, முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும். அவன் வாழ்க்கையிலேயே பயப்படாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் ரத்மியின் அம்மா நாள் குறித்துவிட்டாள். ரத்மி பிறந்த கிழமையும், ஐந்து நாள் சுற்றில் அவள் பிறந்த ஜாவாச் சந்தை நாளும் சேர்ந்து வரும் காலையில் அவள்தான் முதலில் ஓட்ட வேண்டும், அதற்கு முன் சக்கரம் தெருவில் உருளக்கூடாது. மாமியார் சொல்லை மீற இவனுக்கு ஏது துணிச்சல்? முற்றத்தில் தள்ளிப் பார்த்தான், பிரேக் பிடித்தது. குறித்த நாளில் வழக்கப்படி சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். ரத்மி மூட்டையைப் பின்னால் கட்டி, சின்ன மகள் சேக்காரை முன்னால் நிற்கவைத்துக் கிளம்பினாள். அவன் வாசலில் நின்று பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கடைக்குப் போய் இன்னொரு டப்பா கறுப்பு கேட்டான். டிரம்முக்கு உள்ளே அடித்ததில் தீர்ந்துவிட்டது, கதவுத் தாழ்ப்பாளுக்கு வேண்டும் என்றான்.

கோ ஹானின் கை டப்பாவோடு நின்றது. "உள்ளன்னா? எங்க உள்ள?"

"பிரேக் கட்டை உரசுற எடத்துல கோ. துரு இருந்துச்சு."

"அடப்பாவி. அங்க அடிச்சா கட்டை எதைப் புடிக்கும்? எறக்கத்துல அழுத்துனா சோப்புல கால் வெச்ச மாதிரி வழுக்குமேடா. வண்டி எங்க?"

சுதிக்னோ கையை அடிவாரப் பக்கம் நீட்டினான்.

கோ ஹான் கடையை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பின்னால் உட்கார்ந்த சுதிக்னோ அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடத் தோன்றியது, மூடவில்லை. கூட்டம் தெரிகிறதா, குழந்தையின் செருப்பு கிடக்கிறதா என்று தேடினான். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னான். கோ ஹான் அவனை அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

செங்குத்தான வளைவில் தடுப்புச் சுவரில் ஒரு நீளக் கீறல். வாழைக்குருத்துப் பச்சை. உலகத்தில் வேறு எந்தப் பச்சையையும் அவன் அப்படி அடையாளம் கண்டிருக்க மாட்டான். கீறல் முடிகிற இடத்துக்குக் கீழே பள்ளத்தாக்கு. சுதிக்னோ வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். கோ ஹான்தான் பார்த்துவிட்டு வந்து, கீழே ஒன்றுமில்லை, ஏறு என்றார்.

அடுத்த திருப்பத்தில் ஒரு முட்டைக்கோஸ் வண்டிக்காரரின் கொட்டகை. ஸ்கூட்டர் கோஸ் குவியலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. சேக்கார் வறுவல் தின்றுகொண்டிருந்தாள். ரத்மி முழங்காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். முதல் கியரில் போட்டு, சுவரில் உரசி, காலைத் தேய்த்து நிறுத்தியிருக்கிறாள். பயமே அறியாதவளின் உதடு நடுங்குவதை அவன் அன்றுதான் பார்த்தான்.

நடந்ததை அவன் திக்கித் திக்கிச் சொன்னான். அவள் திட்டவில்லை, புருஷனை எப்போதும் கூப்பிடுவதுபோல மாஸ் என்றுதான் கூப்பிட்டாள்.

"எல்லாத்துக்கும் பயப்படுற மனுஷன் செஞ்ச வண்டி, அதுல ஒரு கொறையும் இருக்காதுன்னு நெனச்சேன் மாஸ். அந்த தைரியத்துலதான் பாப்பாவ முன்னால நிக்கவெச்சேன்."

கோ ஹான் கீழே போய் ஸ்பானரும் உப்புத்தாளும் வாங்கி வந்தார். சுதிக்னோ சாலையோரத்தில் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றி, பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தான், கட்டைகளையும் தேய்த்தான். விரல்நுனி தோலுரிந்தது. மாட்டி முடித்ததும் கோ ஹான் ஓட்டிப் பார்க்கப் போனார். சுதிக்னோ குறுக்கே வந்து நின்றான்.

"நான் ஓட்டுறேன். யாரும் ஏற வேண்டாம்."

மேட்டில் ஏற்றி, அதே வளைவில், அதே சுவரோரமாக இறங்கினான். பிரேக் பிடித்தது. கொட்டகைக்கு முன்னால் வண்டி நின்றது, எஞ்சினும் நின்றது. பிரேக்கை இறுக்கிய கை மட்டும் விடவில்லை. அவன் முயன்றும் திறக்கவில்லை. ரத்மி நொண்டி நொண்டி வந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.