கலாமணி அக்காவுக்குக் கோபமே வராது

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... கலாமணி அக்கா போய்விட்டார் என்று ஃபோன் வந்தபோது நான் முகமெல்லாம் முல்தானி மட்டி பூசி, கண்ணில் வெள்ளரித் துண்டோடு மல்லாந்து கிடந்தேன். ஐம்பது வயதில் எனக்கு செல்ஃப் கேர்.

அழுதேன். முகம் விரிசல் விட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மொதல்ல மூஞ்சியக் கழுவீட்டு அழுவுங்க" என்றாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் கம்ப்ளைண்ட் ஃபோன் எடுப்பவர் அக்கா. பக்கத்து மேசை நான், டெஸ்பாட்ச்.

மோட்டார் ஓடாத விவசாயியின் வாயைக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் திட்டுகூட மரியாதையோடுதான் வரும். "ஏனுங்க அம்மணி, உங்க மோட்டாரக் கெணத்துக்குள்ளயே தள்ளிப்போட்டனுங்க. நீங்களும் வந்து கூடவே குதிச்சுக்குங்க."

"சரிங்ண்ணா, இப்பவே ஆளை அனுப்பறனுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" என்பார் அக்கா.

ஃபோனை வைப்பார். கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு. ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரு வாய் சீரகத் தண்ணீர். சிரிப்பு. அடுத்த ஃபோன்.

நானும் ஒரு நாள் அப்படி மூச்சை இழுத்துப் பார்த்தேன். குறட்டைச் சத்தம் கேட்டு அக்காதான் உலுக்கினார். "கண்ணு, அது அமைதி இல்ல... தூக்கம்."

போன வருஷம் கம்பெனியில் 'மன அமைதி' கிளாஸ் நடந்தது. வாசனை மெழுகுவர்த்தி, புல்லாங்குழல் மியூசிக், எல்லாம் உண்டு. கோபத்தை அடக்கத் தெரிந்தவர் யார் என்று ட்ரெய்னர் கேட்டதும், மேனேஜர் அக்காவை மேடையில் ஏற்றிவிட்டார்.

அக்கா மைக்கை வாங்கினார். "சார், எனக்கு முடியலீங்க. ஸ்டோர்ஸ் பக்கம் மாத்திப்போடுங்கன்னு ரெண்டு வருஷமாக் கேக்கறனுங்க."

மேனேஜர் சிரித்தார். "பாருங்க, இதைக்கூட எவ்வளவு அமைதியாக் கேக்கறாங்க! இவங்கள மாத்துனா அந்தச் சீட்டுல வேற யாருங்க உக்காருவாங்க?"

ஒரே கைதட்டல். அந்த மெழுகுவர்த்தியையே அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். சீட்டு மாறவில்லை.

நேற்றுக் காலை, வேலைக்குக் கிளம்பி ஃப்ளாஸ்க்கில் சீரகத் தண்ணீர் ஊற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் எழுதினார்: 'ஈடு செய்ய முடியாத இழப்பு.' அடுத்த மெசேஜும் அவருடையதுதான்: 'இன்னைக்கு கம்ப்ளைண்ட் ஃபோன் யார் பாக்கறது?'

மத்தியானத்துக்குள் ஈடு செய்துவிட்டார்கள். நான்தான்.

போய் வாங்கக்கா. அங்கே ஃபோன் அடித்தால் எடுக்காதீங்க.

துடியலூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள்... நசுங்கியிருந்தது. அலமாரியில் இருந்தவையும் அப்படித்தான், ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

நான் பார்ப்பதை அவர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும் எடுத்துச் செவுத்துல வீசிப்போடுவா. பீங்கான் வாங்கறதயே உட்டுட்டமுங்க."