லிஃப்டில் இருக்கிற அம்மா

அவர் பேசிக்கொடுத்த குரல் ஊரில் பாதி லிஃப்டுகளில் ஒலித்தது. 'கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்' என்று கனிவாகச் சொல்லும் அந்தப் பெண்குரல் அவருடையதுதான். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட் அக்கா'.

ஒரே மகளுக்குப் பதினாறு வயது. திடீரென்று அவள் ஏழாவது மாடியில் இருந்த வீட்டுக்குப் படியேறிப் போக ஆரம்பித்தாள். உடம்புக்கு நல்லதுதானே என்று அம்மா விட்டுவிட்டார். படிப்பில் பின்தங்கினாள், தோழிகளோடு பேச்சு நின்றது, இரவில் சரியாகத் தூங்குவதில்லை. வயசுக் கோளாறு என்றார் அப்பா.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அம்மா, லிஃப்ட்ல என்னைப் பத்திப் பேசாத."

"நான் என்னடி பேசினேன்?"

"'அந்தப் பொண்ணு ஏறிட்டா, எல்லாரும் பாத்துக்கோங்க'ன்னு சொல்றியே."

லிஃப்ட் அக்காவுக்குத் தொழில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படி ஒரு வரி நான் பேசவே இல்ல."

"நீ சும்மாவே சொன்னதை மறந்துடுவ," என்றார் அப்பா.

மறுநாள் லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் போனது. மெக்கானிக் வந்து லிஃப்டின் கூரையைக் கழற்றினார். அம்மாவும் அப்பாவும் உள்ளே நின்று மேலும் கீழுமாகப் போய்வந்தார்கள். கதவு மூடியது, கதவு திறந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று மெக்கானிக் ஸ்பீக்கரை மாற்றிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகளை லிஃப்டிலேயே மேலே கூட்டிவந்து அம்மா ஆவலோடு கேட்டார். "இப்ப எப்படி இருக்கு?"

"இப்பதான் நல்லாத் தெளிவாக் கேக்குது," என்றாள் மகள். சொல்லிவிட்டு அழுதாள். கோளாறு லிஃப்டில் இல்லை என்று அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது.

மனநல டாக்டரின் அறை ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் இருந்தது. படியேறித்தான் போனார்கள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் இல்லாதப்போ குரல் ஏதாவது கேக்குதாம்மா?" என்று டாக்டரம்மா மகளிடம் கேட்டார்.

"அம்மா குரல் கேக்குது."

"அம்மா பக்கத்துலதானே இருக்காங்க?"

"இவங்க இல்ல. லிஃப்ட்ல இருக்கிற அம்மா."

டாக்டரின் பேனா நின்றது. "நிஜமாவே என் குரல்தான் டாக்டர்," என்று அம்மா குறுக்கிட்டார். டாக்டர் இப்போது அம்மாவைக் கவலையோடு பார்த்தார். வேறு வழியில்லாமல், அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்."

டாக்டர் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

அதற்குப்பின் பேச்சு சுலபமாயிற்று. "லிஃப்ட் என்னைப் பத்திப் பேசாதுன்னு எனக்கே தோணுது. ஆனா கேக்கும்போது பயமா இருக்கு," என்றாள் மகள்.

"அந்தச் சந்தேகம் உனக்கு இருக்கே, அது ரொம்ப நல்லது," என்றார் டாக்டர். அம்மாவிடம், "இதை இப்பவே பெரிய நோய்னு சொல்ல மாட்டேன். அப்படி மாறலாம், மாறாமலே போகலாம். முத்தறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. இனிமே 'நான் சொல்லவே இல்ல'ன்னு அவகூட வாதாடாதீங்க. பயந்தியான்னு கேளுங்க," என்றார்.

வாரம் ஒருமுறை பேச வரவேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், பள்ளியில் கொஞ்சம் சுமையைக் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். லிஃப்ட் அக்காவுக்கு வாதாடாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பல நாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மெதுவாக அடங்கியது, பரீட்சை சமயத்தில் எட்டிப் பார்த்தது, பிறகு மறுபடி ஒதுங்கியது. மகள் பழைய தோழி ஒருத்தியோடு பூப்பந்து விளையாடப் போக ஆரம்பித்தாள். டாக்டர் மட்டும் இன்னும் விடவில்லை; அவ்வப்போது வரச் சொல்கிறார்.

அம்மாவுக்குத்தான் பயம் முழுசாகத் தெளியவில்லை. போன வாரம் மகள் ஜன்னலோரம் அசையாமல் நின்றிருந்தாள். அம்மா மெல்லப் பக்கத்தில் போனார்.

"பயமா இருக்காடா?"

"யோசிச்சுட்டு இருக்கேன்மா. மனுஷி யோசிக்கக்கூடக் கூடாதா?"

லிஃப்ட் அக்கா அன்று நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டார்.