சவேரியார் அன்பியத்தில் மூன்று பேர்

கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், இதையெல்லாம் நம்பத்தான் செய்வாள் என்று நீங்கள் நினைக்கலாம். யாராவது வந்து கனவில் மாதா பேசினார் என்றால், தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள் நம்பாமல் இருக்கிற ஆள் நான். அதனாலேயே இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் பங்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி, கீழ்க்கட்டளைப் பக்கம். நான் அங்கே எழுத்தர், படிப்பு பிளஸ் டூ, எக்செல் எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பங்கில் உள்ள வீடுகளைத் தெருவாரியாக அன்பியங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர் வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் வெள்ளியன்று, வயதாகியோ நோயிலோ கோயிலுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்கு ஃபாதர் நற்கருணை கொண்டுபோவார். எந்த அன்பியத்தில் எத்தனை பேர் என்று அவர் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்தே ஒரு வழி செய்தேன். எக்செல்லில் நான் வைத்த பட்டனை அழுத்தினால், பெயர்ப் பட்டியலைப் புதிதாக எண்ணி, அன்பியவாரியாகவும் மொத்தமாகவும் கூட்டித் தருகிற பிவட் டேபிளின் எண்களை மட்டும் ஒரு சின்னப் பெட்டி திரையில் காட்டும். ஃபாதர் அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன வருஷம் ஒரு முதல் வெள்ளி, காலை ஒன்பது மணி. போட்டோ எடுத்தவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலையும் பார்த்துவிட்டு நின்றார்.

“ஸ்டெல்லா, பெட்டியில சவேரியார் அன்பியம் மூணுன்னு இருக்கு, லிஸ்ட்ல ரெண்டு பேர்தானே? மூணாவது யாரும்மா, சவேரியாரேவா?”

மறுபடி அழுத்தினேன், மூன்று. ஃபைலை மூடித் திறந்து அழுத்தினேன், மூன்று.

“அமலதாஸ் சார்னு ஒருத்தர் இருந்தாரு ஃபாதர். கேளம்பாக்கத்துல பையன் வீட்டோட போயிட்டாருன்னு நான்தான் பேரை எடுத்தேன். போன ரெண்டு மாசமும் சரியா ரெண்டுன்னுதான் காட்டுச்சு.”

“அப்போ பழசைக் காட்டுது. விடும்மா.”

விட்டிருக்கலாம். நம்பினால் நம்புங்கள், அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. பூட்டிக் கிடக்கிற அவர் வீடு பின்தெருதானே, ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

“நீயா? யார் வீட்டு பெல்லையும் அழுத்த மாட்டியே நீ!” என்று சிரித்துக்கொண்டே ஃபாதரும் கூட வந்தார்.

கேட் திறந்திருந்தது, கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஃபாதர் சன்னலில் குரல் கொடுக்க, உள்ளே பிளாஸ்டிக் மக்கைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது, ரொம்ப மெதுவாக. எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடி வந்து கதவை நெம்பினார். அமலதாஸ் சார் பாத்ரூம் வாசலில் இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தார், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து. தாம்பரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று பையனிடம் கோபமாகச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக இங்கே வந்துவிட்டாராம். அதனால் யாரும் தேடவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, “யாரும்மா உங்களுக்குச் சொன்னாங்க?” என்று என்னைக் கேட்டார். நான் ஃபாதரைப் பார்த்தேன்.

“எக்செல்னு சொல்லிடாத,” என்றார் காதருகே. “நாளைக்கே கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுடுவாங்க.”

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்துவிட்டார். நான் மதியம் திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். இரண்டு.

என் அண்ணன் மகள் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “சிம்பிள் அத்தை. நீங்க பேரை எடுத்தாலும் பிவட் பழசை ஞாபகம் வச்சிருக்கும். ரெஃப்ரெஷ் ஆகலை, புதுசா எண்ணலை, அவ்ளோதான்.”

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, ஃபாதர் எடுத்த போட்டோவை வாங்கி அவளிடம் காட்டும்வரை. பெரிதாக்கிப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“பழசுன்னா அடியில மொத்தம்னு இருக்கிற நம்பரும் பழசாத்தானே அத்தை இருக்கணும்?”

நானும் அப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். அந்தப் போட்டோ இப்போது என் போனில் இருக்கிறது, பஸ்ஸில் உட்கார்ந்தால் எடுத்து மறுபடி கூட்டுவேன். மற்ற மூன்று அன்பியங்களுக்கு நான்கு, மூன்று, இரண்டு, சவேரியாருக்கு மூன்று. பன்னிரண்டு வருகிறது. அடியில் ‘மொத்தம்’ என்ற இடத்தில் பெட்டி காட்டியிருப்பது பதினொன்று.