தாழ்ப்பாள் போடாத வீட்டில் கேக் பாப்

கேக் பாப் செய்கிற வீட்டில் இருட்டிய பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்படக் கூடாது. ஆனால் பயப்படாமல் இருக்கத் தெரிந்தவர்கள் யாரும் இந்தத் தொழிலுக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாராவது அடுப்படியிலேயே கடை வைத்திருந்தால் என் பாடு புரியும். நமக்கு ஷட்டர் கிடையாது. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே கதவு. வருகிறவர் ஆர்டர் கொடுக்கத்தான் வருகிறார் என்று நம்பிக்கொள்ள வேண்டும்.

என் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறது. போடுவதில்லை. வீட்டுக்காரர் ரியாஸ் வெளிநாட்டில், தம்மாமில் இருக்கிறார். இங்கே விருத்தாசலத்தில் நானும் மூன்று வயது ஹனாவும் மட்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டபிறகு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஹனாவுக்கு அது எட்டாது. யாராவது கதவை உடைத்துக்கொண்டு வருவதற்குள் அவள் அடுப்புக்குப் போவாள், தண்ணீர் டிரம்முக்குப் போவாள். போட்டால் யாரும் உள்ளே வர முடியாது; போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம். இதில் எது பெரிய பயம் என்பதற்கு கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த எந்தக் கணக்கிலும் விடை இல்லை. கதவைச் சும்மா சாத்தி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைப்பேன். நகர்ந்தால் சத்தமாவது கேட்குமே.

டிக்

கேக்கைச் சுட்டு ஆறவைத்து, புட்டு மாதிரி கையாலேயே உதிர்த்து, பட்டர் க்ரீம் போட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பிறகு பேப்பர் குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டு உருண்டையில் செருகி, மொத்தத்தையும் சாக்லேட்டில் முக்கி எடுத்து, காயும்வரை நிற்கவைக்க வேண்டும். நிற்கவைக்க எனக்கு ஒரு பீங்கான் பலகை இருக்கிறது. மாடியில் குடியிருக்கும் செல்வி அக்கா செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சூளையில் கோணிப்போனதால் கழித்துவிட்ட ஓட்டைப் பலகையை எனக்காகக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் ஆர்டரை அதில் குத்தி நிறுத்திவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தேன். அடுப்படியில் டிக். கொஞ்சம் விட்டு டிக், டிக். யாரோ நகத்தால் பீங்கானைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. ஹனாவை இழுத்து அணைத்துக்கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்தேன். பயத்தில் பாதியிலேயே கான்வென்ட் அசெம்பிளி ப்ரேயருக்குத் தாவிவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லா உருண்டையிலும் மயிரிழை மாதிரி விரிசல். உருண்டை ரொம்பக் குளிர்ந்திருந்தால், சூடேற ஏற உப்பி மேலே உறைந்த சாக்லேட்டை வெடிக்கவைக்கும் என்று யூடியூபில் தெரிந்துகொண்டது பிறகுதான். அன்றைக்கு செல்வி அக்காவிடம் சொன்னபோது, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அவர் சொன்னார்:

"சூளையில இருந்து எறக்குன சாமானும் ராத்திரி பூரா இப்பிடித்தாம்மா பேசிக்கிட்டு இருக்கும். பேசிட்டுப் போவுது. நீ மட்டும் பதில் பேசிடாத."

கண்

பள்ளிவாசல் தெரு ஹாஜியார் வீட்டில் பேரன் குர்ஆன் ஓதி முடித்ததற்கு விருந்து. கரடி முகம் வேண்டும், ஆனால் உருவம் ஆகாது, அதனால் கண் மட்டும் வைக்காதே என்று ஹாஜியார் வீட்டம்மா சொல்லிவிட்டார். அதே நாளில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பிறந்தநாள். அவர்களுக்கும் கரடிதான், கண்ணோடு. மூக்கும் வாயும் காதும் வைத்து, கண் இருக்க வேண்டிய இடத்தை வழவழவென்று விட்டுவிட்டால் ஒரு முகம் எப்படி இருக்கும் என்பதை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஹனா எக்கிப் பார்த்துவிட்டு, "தூங்குறாங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் சிரிக்கிறாங்க?"

அதற்கு மேல் அந்த அறையில் நிற்க முடியாமல் அவசர அவசரமாகப் பெட்டியில் அடுக்கினேன். அவசரத்தில் பெட்டிகள் மாறிப்போயின. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தநாள் குழந்தை அலறி, கண்ணில்லாத கரடிகள் அப்படியே ஆட்டோவில் திரும்பி வந்தன. ஹாஜியார் வீட்டில் திட்டுவார்கள் என்று நடுங்கிக்கொண்டே ஃபோன் செய்தேன். அந்தம்மா திட்டவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாம் எங்களயே பாத்துட்டு இருந்துச்சும்மா. ஒரு புள்ளகூட வாயத் தொறக்கல."

பார்க்காத முகம்

திரும்பி வந்த கரடிகளை அலமாரியில் வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் வாசலில் ஒரு பெண் நின்றாள். என்னைவிடச் சின்னவள். நைட்டி, தோளில் துண்டு, செருப்பு இல்லை. படியேறவில்லை, சன்ஷேடுக்குக் கீழே சுவரை ஒட்டி நின்றுகொண்டாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, திறந்த கதவு வழியாக அலமாரியைக் காட்டி, "பாக்காத மொகமா ஒண்ணு குடுங்கக்கா" என்றாள். கொடுத்தேன். அங்கேயே நின்று, கொறித்துக் கொறித்துச் சாப்பிட்டாள். பார்வை மட்டும் கேக்கில் இல்லை. என் கதவை மேலிருந்து கீழ்வரை, ஏதோ துணி எடுக்க வந்தவள் மாதிரி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு தினமும் வந்தாள். எப்போதும் பொழுது சாய்கிற நேரம், எப்போதும் ஒன்றே ஒன்று. வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தால் வேண்டாம் என்பாள். பெயரைக் கேட்டால் சிரிப்பாள். செராமிக் கம்பெனிச் சங்கு ஊதினால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். ஒருநாள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்:

"நீங்க உள்தாப்பாளே போடுறதில்லயாக்கா?"

மருதாணித் தொட்டி

இந்தக் கேள்விக்குப் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? மறுநாள் அவள் வந்தபோது கேக் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்தினேன். ரியாஸிடம் மூச்சு விடவில்லை. பயமாக இருக்கிறது என்றால், கேக்கை விட்டுவிட்டு ஸ்ரீமுஷ்ணத்தில் மாமியார் வீட்டுக்குப் போ என்பார். அங்கே அடுப்பும் மாமியுடையது, அடுப்படிச் சட்டமும் மாமியுடையது.

காலையில் வாசலில் இருக்கும் மருதாணித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். செடிக்குப் பின்னால், மண்ணில் வரிசையாக வெள்ளைக் குச்சிகள். என்னுடைய கேக் பாப் குச்சிகள்தான். துளி சாக்லேட் இல்லாமல் நக்கித் துடைத்து, ஒரே உயரத்துக்குக் குத்தப்பட்டிருந்தன. கபுருஸ்தானில் தலைமாட்டு மீசான் கல் நிற்கிற மாதிரி இருந்தது. "அந்த அக்கா நட்டாங்கம்மா. கேக்கு மொளைக்குமாம்" என்றாள் ஹனா. எப்போது சொன்னாள் என்று கேட்டேன். "நீ உள்ள ஃபோன்ல பேசுறப்ப." என் பிள்ளையிடம் எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறாள். மாடிக்கு ஓடி செல்வி அக்காவிடம், சாயங்காலம் வருகிற பெண் யார் என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"எந்தப் பொண்ணு? நேத்து சாயங்காலம் நான் மேலதான துணி எடுத்துட்டு இருந்தேன். நீ தனியால்ல வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்த?"

நோன்பு திறக்கிற நேரம்

சன்ஷேடுக்குக் கீழே நிற்கிற ஆள் மாடியிலிருந்து தெரியமாட்டார். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைப்பதற்குள் யாசீன் சூராவை இரண்டு தடவை ஓதி முடித்திருந்தேன்.

ரம்ஜான் பிறந்தது. பெருநாள் ஆர்டர்கள் குவிந்தன. நோன்பு வைத்துக்கொண்டு நாள் முழுக்க சாக்லேட் வாசனையில் நிற்பது எப்படிப்பட்டது என்று நோன்பு வைக்கிற பேக்கர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் இடையில் வரவில்லை. நான் நிம்மதியானேன் என்று சொல்ல முடியாது. வராத ஆளை எதிர்பார்ப்பது வருகிற ஆளைப் பார்ப்பதைவிடப் பயம்.

இன்று சாயங்காலம் அடுப்பில் தண்ணீர் கொதிக்க, மேலே கிண்ணத்தில் சாக்லேட்டைக் கிண்டிக்கொண்டிருந்தேன். விடியலுக்கு முன் ஸஹரில் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணோரத்தில் கறுப்பாக ஏதோ படர்ந்தது. ஹனாவைக் கூப்பிட நினைத்தது நினைவிருக்கிறது. அடுத்து கண்ணைத் திறந்தபோது நான் தரையில் கிடந்தேன், எனக்கு மேலே அவள் முகம். நாற்காலி சாய்ந்து கிடந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. ஹனா அவள் மடியில் உட்கார்ந்து, வாயெல்லாம் சாக்லேட்டாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள். கத்த வாயெடுத்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அவள் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும், மறு கையில் என் தட்டிலிருந்த பேரீச்சம்பழமும் வைத்திருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. உடனே டம்ளரை என் உதட்டில் வைத்தாள். மயங்கி விழுந்தவளுக்கு எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் கொடுக்கலாம், பாவமே இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"நோம்பு கெட்டுடக் கூடாதேன்னு, எப்படா பாங்கு சொல்லுவாங்கன்னு தண்ணிய கையிலயே வச்சிட்டு ஒக்காந்திருந்தேங்க்கா. செத்துகித்து போயிடுவீங்களோன்னு ஒரே பயம்."

சங்கு

பெயர் தமிழரசி. முதல்முறையாக உள்ளே உட்கார்ந்து, என்னோடு நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள். புருஷனுக்கு செராமிக் கம்பெனிச் சூளையில் ராத்திரி வேலை. சங்கு ஊதினால் அவன் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது இவளை உள்ளே விட்டு, வெளியே பூட்டி, சாவியை எடுத்துப்போய்விடுவான். உள்தாழ்ப்பாளை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டான். நடுவில் வராத நாட்களில் பகலிலும் பூட்டு. இன்று அவன் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். கேக் வாங்க இல்லை. "கையில தாப்பாள வச்சிக்கிட்டு ஏன் போடாம இருக்காங்கன்னு உங்கள நெனைச்சா எனக்குப் புரியவே இல்லக்கா" என்றாள். நான் காரணத்தைச் சொன்னேன். அவள் ஹனாவைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள்.

அம்மா வீட்டுக்குப் போயிடேன் என்றேன். அது கம்மாபுரம் பக்கமாம். "அந்த வூடு இருந்த எடத்துல இப்ப நெலக்கரிச் சொரங்கப் பள்ளந்தாங்க்கா இருக்குது. அம்மா எங்கியோ வாடகைக்கு இருக்காங்க, எங்கன்னு அவரு என்கிட்ட சொல்ல மாட்டேங்குறாரு." அப்போது சங்கு ஊதியது. நான் அவள் காலைத்தான் பார்த்தேன். கால் வாசல் பக்கம் திரும்பியது, எழுந்திருக்கவில்லை. ஊதி ஓய்ந்தபிறகு கேட்டாள், "உள்ளார இருந்து ஒரே ஒரு வாட்டி நான் போட்டுப் பாக்கட்டுமாக்கா?"

செல்வி அக்காவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறேன், அதுவரை கதவைத் திறக்காதே என்றார். நானும் தமிழரசியும் கதவிடம் போனோம். தொடாமலே விட்டதில் தாழ்ப்பாள் துருவேறி நகர மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, அவள் தள்ள, நான் கதவை அழுத்திப் பிடிக்க, கடைசியில் 'டக்'கென்று விழுந்தது. இனி எனக்கு ஏதாவது ஆனால் கதவைத் திறக்க உள்ளே ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கோ, அவள் கையால் போட்ட கதவு. இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொட்டாவி விட்டாள்:

"இப்பத் தூக்கம் வருதுக்கா."

ஆக, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நிரந்தர வாடிக்கையாளர் என் பாயில் ஹனாவைக் கட்டிக்கொண்டு குறட்டை விடுகிறாள், வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறவர் ஆர்டர் கொடுக்க வந்தவராக இருந்தால் விடிந்தபிறகு வரட்டும், இல்லையென்றால் விடிந்தாலும் அவருக்குத் திறப்பதாக இல்லை.